கண்ணாடியின் வெளிப்பக்கம்

தண்ணீர் உள்ளே போகவில்லை, வெளியே வந்துகொண்டிருந்தது.

றஸாக் அதை உடனே கவனிக்கவில்லை. முப்பது வருடமாக வாகனக் கண்ணாடி கழற்றிப் பூட்டுகிறவன் அவன். கண்ணாடி ஒழுகுகிறது என்று யாராவது வந்து நின்றால் கை தானாகவே கதவைத் திறந்துவிடும். டாஷ்போர்டின் மேல் நீர் ஓடிய தடம், நனைந்து நாறும் கால்மிதி, றப்பருக்கு அடியில் பொருக்கு வெடித்த துரு என்று கண் உள்ளேதான் தேடும். அந்த வெள்ளிக்கிழமை காலை தங்கை றுஸ்தா கொண்டுவந்து நிறுத்திய பழைய டொல்பின் வேனுக்குள்ளும் அப்படித்தான் தேடினான். உள்ளே எல்லாம் உலர்ந்து கிடந்தது. சீற்றின் மேல் புழுதிகூட இருந்தது. கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்தபோதுதான் கண்டான். முன்கண்ணாடியைப் பிடித்திருந்த றப்பரின் கீழ்மூலையிலிருந்து, நூல் பிடித்தாற்போல் சத்தமில்லாமல் தண்ணீர் கசிந்து, வேனின் முகத்தில் வளைந்து இறங்கி, முற்றத்து மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. வேன் வந்து நின்று பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் மணலில் ஒரு சிரட்டையளவு குழி.

விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனான். மழைத்தண்ணீர் இல்லை. குளத்தில் மிதந்து அழுகிய ஆற்றுவாழையும் வயற்சேறும் கலந்த வாடை. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவர்களில் மாதக்கணக்காக நிற்குமே, அது.

“நாலு நாளா மழ இல்ல காக்கா” என்று தமையனிடம் சொன்னாள் றுஸ்தா. வேனின் திறப்பை இன்னும் கொடுக்கவில்லை, கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு நின்றாள். “வேன ஓட்டக்குள்ள என்ட கால் நனையுது. நிப்பாட்டிப் பார்த்தா ஒண்டும் இல்ல. காஞ்சு கிடக்கு.”

“பீடிங் றப்பர் இறுகிப் போயிருக்கும் புள்ள. ராவுப் பனி உள்ளுக்க தேங்கி நிண்டு வடியிது.”

“பனி இப்பிடி நாறுமா?”

றஸாக் விரலை இடுப்பில் கட்டியிருந்த சாறனில் துடைத்துக்கொண்டான்.

போன மாரியில் இந்த வேனுக்குள்தான் அவளுடைய புருஷன் மிஹ்லார் மௌத்தாகிப் போனான். மருதமுனையில் அவர்கள் வீட்டில் நான்கு தறி ஓடியது. நெய்த சாறன்களைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு சவளக்கடைப் பக்கத்துக் கடைகளுக்குப் போனவன், திரும்பி வரும்போது தாம்போதி என்கிற தாழ்பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்ததைக் கண்டும் கடந்துவிடலாம் என்று நினைத்துவிட்டான். தண்ணீர் வேனை ஒரு பெட்டியைத் தூக்குவதுபோல் தூக்கி, கீழே வயற்பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தது. அடுத்த நாள் உழவு மெசின் கட்டி இழுத்தபோது கதவு நான்கும் சேற்றில் இறுகியிருந்தன. மிஹ்லார் முன் சீற்றில் இருந்தான். வேன் பல மாதம் பொலிஸ் வளவில் கிடந்து, கழுவிப் பூசி, இப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தது. றுஸ்தா ஓட்டப் பழகிவிட்டாள். தறியை நிறுத்தினால் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சோறில்லை.

“இன்னொண்டு கேட்கணும்” என்றாள்.

“என்ன?”

“றப்பர் பூட்டின கண்ணாடி உள்ளுக்க இருந்து ரெண்டு காலாலயும் ஒதச்சா கழண்டு விழும் எண்டு நீங்கதானே சொல்லுவீங்க. கழட்டுறதே அப்பிடித்தான் எண்டு.”

“ஓம்.”

“அவர் ஒதைக்கல்லயா?”

வீதியில் ஒரு முச்சக்கரவண்டி போனது. றஸாக் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“தண்ணிக்குள்ள மனிசனுக்குப் புத்தி நிக்காது புள்ள. எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்.”

“அல்லாஹ்ட நாட்டத்த நீங்க எனக்குச் சொல்லித்தர வேணாம்.” திறப்பை வைப்பருக்கு மேல் வைத்தாள், அவன் கையில் கொடுக்கவில்லை. “ஜும்ஆ முடிய வாறன். உங்களால ஏலாட்டி இப்பவே சொல்லுங்க. அக்கரப்பத்தில ஒரு கராஜில கதைச்சிருக்கன். நாளைக்கே கண்ணாடியக் கழட்டிப் பார்த்துத் தாறாங்களாம்.”

“வேணாம்” என்றான் றஸாக். குரல் அவசரப்பட்டதை அவனே கேட்டான். “நான் செய்றன்.”

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். தங்கை தமையனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பிறகு முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு கேற்றைத் தாண்டிப் போனாள்.

வேறொரு கராஜ்காரன் அந்த றப்பரைத் தூக்கினால் முதல் வார்த்தையாக என்ன கேட்பான் என்று றஸாக்குக்குத் தெரியும். ‘ஆரு இதுக்குப் பசை வெச்ச?’

மிஹ்லார் சாவதற்கு மூன்று கிழமைக்கு முன்னும் இந்த வேன் இதே இடத்தில்தான் நின்றது. அப்போதும் கண்ணாடி ஒழுகியது. பழைய றப்பர் இறுகி வெடித்திருந்தது. புதியது கொழும்பிலிருந்து வரவேண்டும், வரவில்லை. மிஹ்லாரோ சாறன் நனைகிறது, நாளைக்கே வேண்டும் என்று நின்றான். றஸாக் பழைய றப்பரையே திரும்பப் பூட்டி, அதற்கடியில் சுற்றிவர இரண்டு குழாய் கறுப்புப் பசையை இறக்கினான். இறுகிவிட்டால் கம்பி போட்டு அறுத்தால்தான் வருகிற பசை. “புதுசு போட்டிருக்கன் மச்சான், இனி ஒரு சொட்டு வராது” என்றான். மிஹ்லார் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான். ஒரு சொட்டும் வரவில்லைதான்.

வேனைச் சேற்றிலிருந்து இழுத்த அன்று முதலில் கிட்டப் போனவனும் றஸாக்தான். கண்ணாடி கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதன் உட்பக்கம் முழுக்கச் சேற்றுக் கால் தடங்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. ஒன்றின்மேல் ஒன்றாக, மேலே, கீழே, மூலைகளில், பத்து விரலும் தெரிய. மற்றவர்கள் கரையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்க, அவன் இழுக்கும்போது உடைந்த பக்கக் கண்ணாடியால் கையை விட்டு, சாறன் தலைப்பால் எல்லாவற்றையும் துடைத்தான். அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. தொழுகையில் அல்லாஹ்விடம்கூடச் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பாங்கு சொன்னது. சாய்ந்தமருதில் வெள்ளிக்கிழமை அந்தப் பாங்கோடு கடைக் கதவுகள் விழும். வெள்ளைத் தொப்பிகளும் அத்தர் வாசனையும் வீதி நிறையப் போகும். பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஊரில் ஆண் வாடையே இருக்காது. றஸாக்கின் மனைவி நிந்தவூரில் மகள் வீட்டில் இருந்தாள். அந்த ஒரு மணி நேரம் போதும். பசையை அறுத்தெடுத்துக் கிணற்றடியில் புதைத்துவிட்டு, தட்டில் கிடக்கிற புதிய றப்பரைப் பூட்டிவிட்டால் கதை முடிந்தது.

கேற்றில் சீனிமுகம்மது நின்றார். அன்று உழவு மெசினால் வேனை இழுத்தவர் அவர்தான்.

“றஸாக், பள்ளிக்கு வரல்லயா?”

“காய்ச்சல் காக்கா.”

சீனிமுகம்மதுவின் கண் அவன் கையிலிருந்த கத்திக்குப் போய், வேனுக்குப் போனது. கேற்றைத் தாண்டி ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை.

“இத ஏன் வளவுக்குள்ள எடுத்தாய்?”

“தங்கச்சிட வேன்தானே.”

“தங்கச்சிட வேன்தான்.” அவர் மணலில் இருந்த குழியைப் பார்த்தார். இப்போது அது ஒரு சட்டியளவு இருந்தது. “வேலய விட்டுப் போட்டு வா. ஜும்ஆவ உட்டவன் பக்கத்தில ஒரு காவல் மலக்கும் நிக்காது.”

அவர் போனதும் வீதி வெறிச்சோடிப் போனது. வானம் கறுக்கவும் இல்லை, வெளிக்கவும் இல்லை. பழைய அலுமினியத் தட்டின் நிறத்தில் அசையாமல் கிடந்தது. கடல் இரண்டு ஒழுங்கைக்கு அப்பால்தான், ஆனால் அன்று அதன் இரைச்சல் கேட்கவில்லை. பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் தொடங்கியது. தனியாக இல்லை என்று காட்ட அந்தக் குரல் ஒன்றே போதும் என்று றஸாக் தன்னைத் தேற்றிக்கொண்டு கத்தியை றப்பருக்கு அடியில் செருகினான்.

பசை லேசில் விடவில்லை. ஒரு விரல் நீளம் அறுத்து, நுனியைக் குறட்டால் பிடித்து இழுக்க, அது நீண்டு நீண்டு வந்து பட்டென்று அறுந்தது. இழுத்த துண்டுகளை மணலில் போட்டான்; விலாங்கு மீன்களைக் கொன்று போட்டாற்போல் கறுத்து மினுங்கிக்கொண்டு கிடந்தன. அறுத்த ஒவ்வொரு இடத்திலும் உள்ளிருந்து ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அதில் நெல்லுமி மிதந்தது. ஒரு முறை சிறிய நத்தை ஒன்று அவன் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. அதை உதறிவிட்டு, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான். டாஷ்போர்ட் உலர்ந்திருந்தது. புழுதியில் அவன் காலையில் வைத்த விரல் தடம் அப்படியே இருந்தது.

வெளிப்பக்கம் முழுக்க அறுத்து முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இனி உள்ளே ஏறி, றப்பரின் உட்பக்க உதட்டை நெம்பிவிட்டு, சீற்றில் சாய்ந்து படுத்து, இரண்டு காலாலும் தள்ளினால் கண்ணாடி வெளியே சரிந்துவிடும். ஆயிரம் தரம் செய்த வேலை.

இடப்பக்கக் கதவால் ஏறினான். கதவைத் திறந்தே விட்டான். அது சாத்தாமலிருக்க ஒரு கல்லையும் அண்டை வைத்தான். நெம்புகோலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் ஒரு தடம் இருந்தது.

சேற்றுத் தடம். ஒரு வலது கால். ஐந்து விரலும், குதியும்.

றஸாக் அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தான். வெளியே குத்பா துஆவுக்கு வந்திருந்தது. ஆமீன், ஆமீன் என்று நூற்றுக்கணக்கான குரல்கள் தூரத்தில் எழுந்து அமர்ந்தன. பழைய தடம் என்று தனக்குத்தானே சொன்னான். அன்று துடைத்தபோது தப்பிப்போன தடம். சாறன் தலைப்பைச் சுருட்டி, அன்று துடைத்ததைப் போலவே துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். துணியில் சேறு ஒட்டவேயில்லை.

அப்போதுதான் புரிந்தது. தடம் வெளிப்பக்கத்தில் இருந்தது.

ஐந்து நிமிடத்துக்கு முன் அவன் முகத்தை வைத்து நின்ற பக்கம். அவன் கையால் தண்ணீரை வழித்துவிட்ட பக்கம்.

இறங்கிவிடு என்று உடம்பு சொன்னது. ஆனால் மணலில் அந்தக் கறுப்புத் துண்டுகள் கிடந்தன. ஜும்ஆ முடியப் போகிறது. அவள் வருவாள். அரைவாசி அறுத்த பசையோடு கண்ணாடி அவளுக்காகக் காத்திருக்கும். அதை நினைத்தபோது தடத்தைவிடத் தங்கையின் முகம் அவனை அதிகம் பயமுறுத்தியது. பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு உதட்டை நெம்பத் தொடங்கினான். மேல்வரி. வலது ஓரம். இடது ஓரம். கீழ்வரி. றப்பர் இப்போது எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை. விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தான். ஒரு குழந்தை தள்ளினாலும் விழவேண்டும்.

சீற்றில் சாய்ந்தான். முழங்காலை மடக்கி, இரண்டு உள்ளங்காலையும் கண்ணாடியில் வைத்தான். மிஹ்லாரும் இப்படித்தான் சாய்ந்திருப்பான் என்ற எண்ணம் வந்தது. அதை விரட்டுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

அடித்துச் சாத்தவில்லை. தூங்குகிற வீட்டில் கதவைச் சாத்துவதுபோல, மெதுவாக, கடைசியில் ஒரு சின்னக் ‘கிளுக்’ சத்தத்தோடு. அதோடு ஒலிபெருக்கிக் குரலும் அறுந்தது. காகம், வீதி, காற்று எல்லாம் அறுந்தன. காதுக்குள் தண்ணீருக்கு அடியில் கேட்கிற அந்த அடைப்பு மட்டும்.

கைப்பிடியை இழுத்தான். வந்தது, கதவு வரவில்லை. மற்றக் கதவு. அதுவும் இல்லை. பக்கக் கண்ணாடிக்கு வெளியே முற்றம் தெரிந்தது. அண்டை வைத்த கல் அப்படியே கிடந்தது. ஆனால் கண்ணாடியின் கீழ்விளிம்பில் சேறு. மெதுவாக, வெளியிலிருந்து, ஒரு விரற்கடை ஏறியது.

கால்மிதியில் ஈரம்.

குனிந்து பார்த்தான். தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஆற்றுவாழையின் வேர்த் தாடி ஒன்று அவன் காலைத் தடவிக்கொண்டு போனது.

தள்ளினான். இரண்டு காலாலும். கண்ணாடி அசையவில்லை.

உதைத்தான். முதுகைச் சீற்றில் ஊன்றி, பல்லைக் கடித்து, குதியால் ஓங்கி உதைத்தான். றப்பர் தளர்ந்து தொங்குவது தெரிந்தது. ஒரு பசையும் இல்லை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆனாலும் கண்ணாடி சுவர்போல் நின்றது. முழங்கால்வரை தண்ணீர். டாஷ்போர்டின் புழுதி சேறாகிக் கரைந்தது. மூச்சு வேகமானது. மூச்சின் ஆவி கண்ணாடியில் படிந்து வெளியை மறைத்தது.

“யா அல்லாஹ். மச்சான். மச்சான், மன்னிச்சிரு.”

குரல் அவனுக்கே எட்டவில்லை.

மீண்டும் உதைத்தான். இந்த முறை கண்ணாடி திரும்ப உதைத்தது.

அதிர்ச்சி குதியிலிருந்து இடுப்புவரை ஏறியது. காலை எடுக்கப் பார்த்தான். எடுக்க முடியவில்லை, குளிர் அவன் பாதங்களைக் கண்ணாடியோடு பிடித்துக்கொண்டது. ஆவி அவன் பாதங்களைச் சுற்றி மட்டும் மெல்ல விலகியது.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு உள்ளங்கால்கள்.

அவன் வலதுக்கு நேரே ஒன்று. இடதுக்கு நேரே ஒன்று. நீரில் ஊறி வெளுத்து, மீன் வயிற்றின் நிறத்தில். தோல் சுருக்கம் சுருக்கமாக மடிந்து, மடிப்புக்குள் சேறு. குதி, அவன் குதியில். விரல், அவன் விரலில். கணுக்காலுக்கு மேல் மங்கல். கலங்கல் தண்ணீரின் மங்கல். முற்றத்தின் நடுவே, பகல் வெளிச்சத்தில்.

அவை தள்ளின.

சீற் முதுகுக்குப் பின்னால் எதுவோ முறிந்தது. நெஞ்சுக்குத் தண்ணீர். அவன் கத்தினான். வாயில் உமியும் சேறும் புகுந்தன.

விலகிய ஆவியின் ஊடாகக் கேற் திறப்பது தெரிந்தது. றுஸ்தா. கையில் குடை. ஜும்ஆ முடிந்துவிட்டது, அவளுக்குப் பின்னால் வீதியில் வெள்ளைத் தொப்பிகள் போய்க்கொண்டிருந்தன, ஒன்றும் திரும்பவில்லை.

“றுஸ்தா! புள்ள! கதவத் தொற!”

அவள் வேனை நோக்கி வந்தாள். பத்தடி தூரத்தில் நின்றாள். மணலைப் பார்த்தாள். குனிந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்தாள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அது நீண்டது. விட்டாள், சுருங்கியது. இன்னும் ஒரு தரம் இழுத்தாள்.

பிறகு தலையைத் தூக்கினாள்.

அவள் கண் அவன் முகத்துக்கு வரவில்லை. கண்ணாடியில் கால்கள் இருந்த இடத்தில் நின்றது. வருடக்கணக்காகப் பக்கத்தில் படுத்து எழும்பியவளுக்கு முகம் தேவைப்படவில்லை. அவள் உதடு அசைந்தது. ஒரு பெயர்.

“தங்கச்சி…”

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

றுஸ்தா குடையை மடக்கினாள். திரும்பி நடந்தாள். கேற்றைச் சாத்தி, கொளுக்கியைப் போட்டாள். பிறகு வந்து, பழைய இடத்திலேயே, கையில் அந்தக் கறுப்புத் துண்டோடு, வேனைப் பார்த்துக்கொண்டு மணலில் குந்தினாள்.

றஸாக் முகத்தைக் கூரையோடு அழுத்தினான். கடைசி மூச்சு. கண்ணைக் கீழே திருப்பினான்.

கண்ணாடிக்கு வெளியே, பத்து விரல்களும் ஒரு முறை விரிந்தன. பிடிமானம் கிடைத்ததுபோல் ஒன்றாக மடங்கின.

பிறகு, அவசரமேயில்லாமல், மீண்டும் அழுத்தின.